இரட்டை அதிர்வெண் குறைக்கடத்தி லேசரின் இரைச்சலை அளத்தல்: படிப்படியான முழு வழிகாட்டி

ஒரே ஒத்ததிர்வுக் குழிக்குள், ஒன்றுக்கொன்று செங்குத்தான தளவிளைவு (ஒளிப்புலம் அதிரும் திசை) கொண்ட இரண்டு மோடுகள் (குழி அனுமதிக்கும் ஒளி அலைவுகள்) ஒரே நேரத்தில் இயங்கும் லேசரையே இங்கு இரட்டை அதிர்வெண் லேசர் என்கிறோம். இரண்டையும் ஓர் ஒளி உணர்வியில் சேர்த்தால், அவற்றின் அதிர்வெண் வேறுபாடு கிகாஹெர்ட்ஸ் அளவில் விம்மலாக, அதாவது அந்த வேறுபாட்டு அதிர்வெண்ணில் துடிக்கும் மின் குறிகையாக, வெளிப்படும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அந்த விம்மலின் கட்ட இரைச்சலிலிருந்துதான் (அலைவின் கட்டம் சீரின்றி நடுங்குவது) தொடங்குகிறார்கள். திரையில் கூர்மையாக எழுந்து நிற்கும் அந்தக் கோடு கண்ணை இழுப்பது இயல்பே. ஆனால் விம்மலில் தெரியும் இரைச்சலின் பெரும்பகுதி, இரண்டு மோடுகளின் செறிவு ஏற்றத்தாழ்வுகளிலும் அவை தமக்குள் கொண்டுள்ள ஒட்டுறவிலும் (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதிலும்) ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. அவற்றை அளக்காமல் விம்மலை அளந்தால், கையில் ஒரு வளைகோடு இருக்கும். அதன் காரணம் இருக்காது. ஆகவே செறிவு முதலில், ஒட்டுறவு அடுத்து, கட்டம் இறுதியில் என்ற வரிசையை இவ்வழிகாட்டி விடாமல் பின்பற்றுகிறது.

எடுத்துக்காட்டாக எல்லா இடங்களிலும் ஒரே லேசரையே கணக்கில் கொள்கிறேன்: ஒளியால் பம்ப் செய்யப்படும் (ஆற்றலூட்டப்படும்), வெளிக்கண்ணாடி கொண்ட மேற்பரப்பு உமிழ் குறைக்கடத்தி லேசர், அலைநீளம் 1 மைக்ரோமீட்டர், அதாவது 300 டெராஹெர்ட்ஸ், குழியின் நீளம் 1.5 சென்டிமீட்டர், ஒரு சுற்றுக்கான இழப்பு 1 சதவீதம், விம்மல் 3 கிகாஹெர்ட்ஸ். குழிக்குள் உள்ள 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரட்டை ஒளிவிலகல் படிகம், இரண்டு மோடுகளையும் பெருக்க ஊடகத்தின் மீது சிறிது விலக்கி வைக்கிறது.

1. தொடங்கும் முன் சேர்த்துக்கொள்ள வேண்டியவை

ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு ஒளி உணர்விகள், ஒரே வகைப் பெருக்கிகள் இரண்டு, ஒரே நீளமுள்ள இரண்டு கேபிள்கள் ஆகியவை தேவை. "ஏறத்தாழ ஒன்றுபோல" இருப்பது போதாது. ஒட்டுறவின் கட்டத்தை அளக்கும்போது ஒரு மீட்டர் கேபிள் வித்தியாசம்கூட வெளியே தெரியும். இவற்றுடன் விம்மல் அதிர்வெண்ணைத் தாண்டிய பட்டை அகலம் கொண்ட வேகமான உணர்வி ஒன்று, இரண்டு வாய்களையும் ஒரே கணத்தில் பதிவு செய்யும் ஆஸிலோஸ்கோப், ஸ்பெக்ட்ரம் அனலைசர், வருடும் ஃபேப்ரி–பெரோ (ஒளியின் அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் இரு கண்ணாடிக் கருவி), மிக்சர் (குறிகையின் அதிர்வெண்ணை இறக்கும் கருவி), நல்ல ரேடியோ அதிர்வெண் மூலம் ஒன்று, தாழ் அதிர்வெண்களை மட்டும் கடத்தும் வடிகட்டிகள் ஆகியவை வேண்டும். ஆஸிலோஸ்கோப் 12 பிட்டாக இருப்பது நல்லது. 8 பிட் கருவியில் இலக்கமாக்கலே இரைச்சல் தரையை உயர்த்திவிடும்.

ஐசோலேட்டர் (ஒளி லேசருக்குள் திரும்பி வராமல் தடுக்கும் கருவி) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வழக்கமான ஐசோலேட்டர் ஒரு தளவிளைவை மட்டுமே கடத்தும். லேசரின் வாயிலேயே அதைப் பொருத்தினால் இரண்டு மோடுகளில் ஒன்று காணாமல் போகும். அல்லது இரண்டும் ஒரே அச்சில் கலந்து, பின்னர் பிரிக்கவே முடியாமல் போகும். செறிவு அளவீட்டில், தளவிளைவுப் பிரிப்பானுக்குப் பிறகு ஒவ்வொரு கிளையிலும் ஓர் ஐசோலேட்டர் இருக்க வேண்டும். விம்மல் அளவீட்டில் நிலைமை நேர்மாறானது: 45 பாகையில் திருப்பி வைத்த ஐசோலேட்டரின் நுழைவுத் தளவிளைவாக்கியே இரண்டு மோடுகளையும் கலக்கும் வேலையைச் செய்துவிடும்.

2. காகிதத்தில் கால அளவுகளைக் கணக்கிடுதல்

கருவியைத் தொடுமுன் இரண்டு காலங்களைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். குழிக்குள் ஃபோட்டான் தங்கும் காலம், சுற்றுக் காலத்தை இழப்பால் வகுத்தால் கிடைக்கும். நமது எடுத்துக்காட்டில் சுற்றுக் காலம் 0.1 நானோ நொடி, எனவே ஃபோட்டான் ஆயுள் 10 நானோ நொடி. குவாண்டம் கிணறுகளில் மின்னூட்ட ஊர்திகளின் ஆயுள் சில நானோ நொடிகளே. ஃபோட்டான் ஆயுள் நீண்டிருப்பதால், ஊர்திகள் ஒளியை உடனுக்குடன் பின்தொடர்கின்றன. ஊர்திகளும் ஃபோட்டான்களும் மாறிமாறி ஊசலாடுவதால் எழும் தளர்வு அலைவு என்னும் மேடு நிறமாலையில் தோன்றாது. இத்தகைய லேசர் பம்பின் இரைச்சலைத் தாழ் அதிர்வெண்களில் கடத்தி, ஒரு வெட்டு அதிர்வெண்ணுக்கு மேல் சீராக வடிகட்டும்.

சில நூறு மைக்ரோமீட்டர் நீளமே கொண்ட ஒற்றைச் சில்லு லேசர்களில் இந்த உறவு தலைகீழாகும். அங்கு ஃபோட்டான் ஆயுள் பிக்கோ நொடிகளில் இருக்கும்; தளர்வு அலைவு கிகாஹெர்ட்ஸ் பகுதியில் எழும்; விம்மல் அதிர்வெண் அதன் அருகே வந்தால் இரண்டும் ஒன்றையொன்று தூண்டும். அவ்வகை லேசரை அளப்பவர் இங்குள்ள வரிசையைப் பின்பற்றலாம். எளிய சூத்திரங்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து, பம்ப் விகிதம்: பம்பின் திறன், வாசல் திறனைப் (லேசர் இயங்கத் தொடங்கும் பம்ப் திறன்) போல் எத்தனை மடங்கு என்ற எண். இரண்டு மோடுகளும் ஒன்றாகக் கூடிக் குறையும் ஏற்றத்தாழ்வுக்கு, தணிவு வேகம் (விகிதம் − 1) / (விகிதம் × ஃபோட்டான் ஆயுள்) ஆகும். விகிதம் 2 எனில் வெட்டு அதிர்வெண் சுமார் 8 மெகாஹெர்ட்ஸ். தாழ் அதிர்வெண்களில் பம்பின் சார்பு ஏற்றத்தாழ்வு விகிதம் / (விகிதம் − 1) மடங்காகப் பெருகி லேசரில் வெளிப்படும்: விகிதம் 2 எனில் 6 டெசிபல், 1.1 எனில் ஏறத்தாழ 21 டெசிபல். வாசலை ஒட்டி லேசரை இயக்கிவிட்டு, இரைச்சல் அதிகம் என்று ஒளி உணர்வியைச் சந்தேகிப்பது அடிக்கடி காணப்படும் தடுமாற்றம்.

3. இயங்குபவை இரண்டு மோடுகள்தானா என்று உறுதி செய்தல்

ஒவ்வொரு தளவிளைவிலும் ஒரே ஒரு மோடு மட்டுமே இயங்க வேண்டும். இதற்கு ஃபேப்ரி–பெரோ, ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஆகிய இரண்டு சாட்சிகளும் வேண்டும், ஒன்று போதாது. ஃபேப்ரி–பெரோவின் தனி நிறமாலை நெடுக்கம் (அதன் காட்சி மீண்டும் மீண்டும் வரும் அதிர்வெண் இடைவெளி) 1.5 கிகாஹெர்ட்ஸாகவும் விம்மல் 3 கிகாஹெர்ட்ஸாகவும் இருந்தால், இரண்டு முகடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒற்றை மோடு போலக் காட்சியளிக்கும்.

விம்மல் கோட்டை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும். நமது குழியின் மோடு இடைவெளி 10 கிகாஹெர்ட்ஸ். ஒரு தளவிளைவில் மூன்றாவது மோடு மெலிதாக எழுந்தால், அனலைசரில் 7, 10 அல்லது 13 கிகாஹெர்ட்ஸ் அருகே கூடுதல் கோடுகள் தோன்றும். 5 கிகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே வருடினால் அவை கண்ணில் படாது. மூன்றாம் மோடு விட்டுவிட்டு எழும் லேசரில் எடுத்த இரைச்சல் அளவீட்டைப் பின்னர் எந்தக் கணக்காலும் திருத்த முடியாது; குழிக்குள் வேண்டிய மோடை மட்டும் தேர்ந்தெடுக்கும் மெல்லிய தகடான எடலானைச் சரிசெய்து, அரை மணி நேரமாவது அது அமைதியாக நிற்கிறதா என்று பார்த்த பின்பே மேலே செல்ல வேண்டும்.

பிறகு இரண்டு மோடுகளின் திறனையும் சமமாக்க வேண்டும். சமமின்மை சிறிதாக இருந்தாலும், பலவீனமான மோடு தன் சொந்த வாசலுக்கு அருகில் இயங்குவதால் அதன் இரைச்சல் மிகையாக உயரும்; அதை மோடுகளுக்கிடையிலான போட்டியின் விளைவு என்று தவறாக வாசிக்க நேரும்.

4. இணைப்பு மாறிலியை அளத்தல்

இரண்டு மோடுகளும் ஒரே பெருக்கத்தைப் பங்கிட்டுக்கொள்வதால், ஒன்றின் வளர்ச்சி மற்றதன் பங்கைக் குறைக்கிறது. இதன் வலிமையைச் சொல்வது இணைப்பு மாறிலி. அது 1-க்குக் கீழே இருந்தால் இரண்டும் சேர்ந்து இயங்கும். 1-ஐத் தாண்டினால் ஒன்று மற்றதை அணைத்துவிடும்.

அளக்கும் முறை எளிது. குழிக்குள் ஒரு மோடின் பாதையை மட்டும் கத்தி விளிம்பு போன்ற ஒன்றால் மெல்லத் தொட்டு, அதன் இழப்பைச் சிறிது கூட்ட வேண்டும். முதல் மோடின் திறன் குறையும், இரண்டாவதன் திறன் கூடும். இரண்டு மாற்றங்களின் விகிதம் ஒரு திசையிலான குறுக்குத் தெவிட்டல் கெழுவை (ஒரு மோடு மற்றதன் பெருக்கத்தைக் குறைக்கும் அளவை) தரும். அடுத்து இரண்டாவது மோடைத் தொட்டு மறுதிசைக் கெழுவைப் பெற வேண்டும். இரண்டின் பெருக்கற்பலனே இணைப்பு மாறிலி. ஒரு திசையில் மட்டும் அளந்து வர்க்கம் எடுப்பவர்கள் உண்டு. மோடுகளின் திறனும் பரவலும் சற்றே வேறுபட்டாலும் அது தவறான விடையைத் தரும். தொடுதல் மிகச் சிறியதாக இருக்க வேண்டும், ஏனெனில் இந்தக் கணக்கு நேர்கோட்டுப் பகுதியில் மட்டுமே செல்லும்.

இந்த எண் ஏன் இவ்வளவு முன்னதாகத் தேவைப்படுகிறது? இரண்டு மோடுகளும் எதிரெதிராக ஏறி இறங்கும் ஏற்றத்தாழ்வின் தணிவு வேகம், ஒன்றாக ஏறி இறங்குவதன் வேகத்தைவிட (1 − கெழு) / (1 + கெழு) மடங்காகக் குறைகிறது. இருபுறக் கெழுவும் 0.5 எனில், இணைப்பு மாறிலி 0.25, வேக விகிதம் மூன்றில் ஒன்று. நமது லேசரில் ஒன்றான ஏற்றத்தாழ்வின் வெட்டு அதிர்வெண் 8 மெகாஹெர்ட்ஸ் என்றால், எதிரெதிர் ஏற்றத்தாழ்வுக்கு அது சுமார் 2.7 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. அதே வேளையில் தாழ் அதிர்வெண்களில் எதிரெதிர் ஏற்றத்தாழ்வு பம்பின் வேறுபாட்டுக்கு மூன்று மடங்கு, அதாவது 9.5 டெசிபல், கூடுதலாகப் பதிலளிக்கும். பின்னால் வரும் படிகள் பலவும் இந்த ஒரு வேறுபாட்டின் மேல் நிற்கின்றன.

5. பம்பின் இரைச்சலை, இடம் பிரித்து அளத்தல்

பம்ப் லேசரின் மொத்தத் திறனை மட்டும் அளந்துவிட்டு நகர்வது பொதுவான பழக்கம். இந்த லேசருக்கு அது பாதி வேலைதான். பன்மோடு இழையின் வழியாக வரும் பம்ப் ஒளி புள்ளிப்புள்ளியான கோலமாக விழுகிறது. அக்கோலம் நேரத்துடன் அசையும்போது, மொத்தத் திறன் மாறாமலேயே இரண்டு மோடுகளின் மேல் விழும் பங்குகள் மாறுகின்றன. ஆகவே பம்பின் பிம்பத்தைப் பெரிதாக்கி ஒரு தளத்தில் வீழ்த்தி, இரண்டு மோடுகளும் அமரும் இடங்களுக்கு ஒத்த இரண்டு பகுதிகளின் ஒளியைத் தனித்தனி உணர்விகளில் எடுத்து, ஒவ்வொன்றின் இரைச்சலையும் அவற்றுக்கிடையேயான ஒட்டுறவையும் பதிவு செய்ய வேண்டும்.

இழையை அசையாமல் ஒட்டி வைத்த பின்பே இதைச் செய்ய வேண்டும். பாதி தொங்கும் இழை, காற்றுக்கு அசைந்துகூட, தாழ் அதிர்வெண் ஒட்டுறவை ஒவ்வொரு அளவீட்டிலும் வேறாகக் காட்டும்.

6. ஒளி உணர்வித் தொடரைச் சோதித்தல்

லேசரை அளக்குமுன், அளக்கும் தொடரை அளக்க வேண்டும். ஒளியை மறைத்து எடுத்த பின்னணி இரைச்சல் முதலாவது. அறை வெப்பநிலையில் 50 ஓம் தடையின் வெப்ப இரைச்சல் ஒரு ஹெர்ட்ஸுக்கு −174 டிபிஎம் (1 மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபல்). 1 மில்லிஆம்பியர் ஒளி மின்னோட்டத்தின் ஷாட் இரைச்சல் (எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாகச் சீரற்று வருவதால் எழுவது) அதே தடையில் −168 டிபிஎம். வித்தியாசம் 6 டெசிபல்தான். இரைச்சல் எண் மோசமான பெருக்கியைப் பொருத்தினால் ஷாட் இரைச்சல் அதற்குள் மூழ்கிவிடும். சார்பு அளவில், அதாவது சராசரியின் வர்க்கத்தோடு ஒப்பிட்டுச் சொன்னால், 1 மில்லிஆம்பியருக்கு ஷாட் எல்லை ஒரு ஹெர்ட்ஸுக்கு −155 டெசிபல்; 10 மில்லிஆம்பியருக்கு −165 டெசிபல்.

இரண்டாவது சோதனை, ஒளியைப் பாதியாகக் குறைப்பது. நடுநிலை வடிகட்டியால் ஒளித்திறனைப் பாதியாக்கினால், லேசரின் மிகை இரைச்சல் மின் அளவில் 6 டெசிபல் இறங்கும். ஷாட் இரைச்சல் 3 டெசிபல் இறங்கும். பெருக்கியின் இரைச்சல் அசையாது. திரையில் தெரிவது இம்மூன்றில் எது என்பதை இவ்வளவு விரைவாகச் சொல்லும் வேறு சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. 6 டெசிபலுக்குக் குறைவாகவும் 3-க்கு மேலாகவும் இறங்கினால் இரண்டின் கலவை. 6-ஐ விட அதிகமாக இறங்கினால் உணர்வியோ பெருக்கியோ தெவிட்டியிருக்கலாம், அப்படியானால் திறனைக் குறைத்து மீண்டும் தொடங்க வேண்டும்.

மூன்றாவது, நேர் மின்னோட்ட அளவு. சார்பு இரைச்சலில் சராசரித் திறனின் வர்க்கம் வகுக்கும் எண்ணாக நிற்கிறது. உள்ளேயே 50 ஓம் தடை கொண்ட உணர்வியின் நேர் மின்னழுத்தத்தை 1 மெகா ஓம் நுழைவில் படித்து, இரைச்சலை 50 ஓம் நுழைவில் எடுத்தால், விடை 6 டெசிபல் குறைவாக வரும். வளைகோடு அழகாக இருக்கும், வடிவமும் சரியாக இருக்கும், அளவு மட்டும் தவறு. எனவே யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

7. ஒவ்வொரு மோடின் சார்புச் செறிவு இரைச்சலை அளத்தல்

தளவிளைவுப் பிரிப்பானின் அச்சை மோடுகளின் அச்சோடு பொருத்துவதே இப்படியின் மையம். அச்சு 1.8 பாகை பிசகினால் ஒரு கிளைக்குள் மற்ற மோடின் திறன் 0.1 சதவீதம் நுழையும். 0.1 சதவீதம் அற்பமாகத் தோன்றும். ஆனால் அது புலமாகச் சேர்வதால், அந்தக் கிளையில் விம்மல் அதிர்வெண்ணில் 6.3 சதவீத ஆழமுள்ள அலைவு எழும். ஒரு ஹெர்ட்ஸுக்கு −130 டெசிபல் இரைச்சல் 10 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் சேர்ந்தால்கூட மொத்தம் 0.1 சதவீதமே. அதாவது பெருக்கி காண்பதில் பெரியது, நாம் அளக்க விரும்பாத அந்த விம்மல்தான். உணர்வி விம்மல் அதிர்வெண்ணுக்கும் பதிலளிக்கும் வேகமுடையதாக இருந்தால், பெருக்கி அமைதியாகத் தெவிட்டிவிடும்.

தீர்வு இரண்டு பகுதியானது. கிளையின் வெளியீட்டை அனலைசரில் விம்மல் அதிர்வெண்ணிலேயே பார்த்துக்கொண்டு, அக்கோடு மிகச் சிறிதாகும்வரை அரை அலைத் தகட்டைத் திருப்ப வேண்டும். கண்ணால் திறனைப் பார்த்துத் திருப்புவதைவிட இது பல மடங்கு நுண்மையானது. அடுத்து, தாழ் அதிர்வெண் வடிகட்டியைப் பெருக்கிக்கு முன்னால் வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் திரை சுத்தமாகும், தெவிட்டல் அப்படியே இருக்கும்.

ஸ்பெக்ட்ரம் அனலைசரைப் பயன்படுத்துவோர், டெசிபல் அளவிலேயே சராசரி எடுக்கும் அமைப்பை அணைத்துவிட்டுத் திறன் அளவில் சராசரி எடுக்க வேண்டும். முதல் முறை இரைச்சலை 2.5 டெசிபல் குறைத்துக் காட்டும். பகுதிறன் பட்டை அகலத்தால் (அனலைசர் ஒரு நேரத்தில் ஏற்கும் அதிர்வெண் அகலம்) வகுப்பதையும் மறக்கக் கூடாது.

கிடைத்த வளைகோட்டின் மேல், படி 2-லும் 5-லும் பெற்ற எண்களைக் கொண்டு எதிர்பார்ப்பு வளைகோட்டை வரைந்து பார்க்க வேண்டும். தட்டையான பகுதியில் 2 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஒட்டுறவுக்குப் போகாமல் இங்கேயே நின்று காரணம் தேட வேண்டும்.

8. இரண்டு மோடுகளுக்கிடையேயான ஒட்டுறவை அளத்தல்

வேலை மிகுந்த படி இது. தடுமாற்றங்களும் இங்கேதான் அதிகம். இரண்டு கிளைகளின் குறிகைகளையும் ஒரே கணத்தில் பதிவு செய்து, துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் ஃபூரியே மாற்றத்திலிருந்தும் குறுக்கு நிறமாலையைக் கணக்கிட்டு, துண்டுகளின் மேல் சராசரி எடுக்க வேண்டும். அந்தச் சராசரியை இரண்டு தனி நிறமாலைகளின் பெருக்கற்பலனின் வர்க்கமூலத்தால் வகுத்தால், ஒட்டுறவின் அளவும் கட்டமும் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் கிடைக்கும்.

துண்டுகளாகப் பிரிக்காமல் முழுப் பதிவையும் ஒரே மாற்றமாகச் செய்தால், ஒட்டுறவின் அளவு எல்லா அதிர்வெண்களிலும் சரியாக 1 என வரும், உள்ளே எந்தக் குறிகை இருந்தாலும். தொடர்பற்ற இரண்டு இரைச்சல்களுக்குக்கூட, 100 துண்டுகளின் சராசரியில் ஒட்டுறவின் அளவு 0.1 அருகே நிற்கும். ஆகவே 0.1 என்ற ஒட்டுறவை உண்மை என்று சொல்ல வேண்டுமானால், துண்டுகள் நூற்றைவிட வெகு அதிகமாக இருக்க வேண்டும்.

மோடுகளை அளக்குமுன் ஒரு சரிபார்ப்பு கட்டாயம். ஒரே மோடைப் பாதியாகப் பிரித்து இரண்டு உணர்விகளிலும் செலுத்த வேண்டும். ஒட்டுறவு 1-ஆகவும் கட்டம் சுழியாகவும் பட்டை முழுவதும் வர வேண்டும். ஒரு கேபிள் ஒரு மீட்டர் நீண்டிருந்தால் சுமார் 5 நானோ நொடி தாமதம். அது 10 மெகாஹெர்ட்ஸில் 18 பாகைக் கட்டமாகத் தெரியும். இந்தச் சரிபார்ப்பின் கட்டத்தைச் சேமித்து, உண்மை அளவீட்டிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஒட்டுறவின் அளவு உயர் அதிர்வெண்களில் 1-இலிருந்து இறங்கினால், அங்கே ஷாட் இரைச்சலோ பெருக்கி இரைச்சலோ ஆட்சி செய்கிறது. அதற்கு மேல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

இனி விடையை வாசிக்கும் முறை. எந்த இரைச்சலையும் ஒன்றான பகுதி, எதிரெதிர்ப் பகுதி என இரண்டாகப் பிரிக்கலாம். மோடுகள் சமமானவை என்றால், ஒட்டுறவு என்பது இவ்விரண்டு பகுதிகளின் திறன் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்த எண். பம்பின் ஒட்டுறவு 0.8 எனில், பம்பில் எதிரெதிர்ப் பகுதி ஒன்றான பகுதியில் ஒன்பதில் ஒரு பங்கு. தெவிட்டல் கெழு 0.5 எனில், லேசர் எதிரெதிர்ப் பகுதியைத் திறன் அளவில் ஒன்பது மடங்கு கூடுதலாகப் பெருக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று நேர் செய்து, தாழ் அதிர்வெண்களில் லேசரின் ஒட்டுறவு சுழியாகிவிடும்! பம்ப் நன்றாக ஒட்டுறவு கொண்டிருந்தும், லேசர் மோடுகள் ஒன்றையொன்று அறியாதவை போல நடந்துகொள்ளும்.

அதே லேசரில் 8 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போனால், எதிரெதிர்ப் பகுதியின் கூடுதல் பெருக்கம் மறைந்து, ஒட்டுறவு பம்பின் மதிப்பான 0.8-ஐ நோக்கி ஏறும். பம்பின் ஒட்டுறவு 0.8-க்குச் சற்றுக் கீழே இருந்தால், தாழ் அதிர்வெண்களில் கட்டம் 180 பாகையாக இருந்து, சில மெகாஹெர்ட்ஸ் அருகே சுழிக்குத் தாவும். அந்தத் தாவல் நிகழும் இடத்தில் ஒட்டுறவின் அளவு ஒரு பள்ளத்தைக் காட்டும். இதைக் கண்டவுடன் கருவிக் கோளாறு என்று கேபிள்களை மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். மாறாக, பள்ளம் இருக்கும் அதிர்வெண், கெழுவையும் பம்பின் ஒட்டுறவையும் ஒருங்கே சோதிக்கும் கூர்மையான சாட்சி. அதைத் தேடிப் போய் அளக்க வேண்டும்.

9. விம்மலின் கட்ட இரைச்சலை அளத்தல்

இரண்டு மோடுகளையும் 45 பாகைத் தளவிளைவாக்கியில் கலந்து வேகமான உணர்வியில் வீழ்த்தி, விம்மலை மிக்சரால் சில பத்து மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பதிவு செய்ய வேண்டும். ஸ்பெக்ட்ரம் அனலைசரில் கோட்டின் இறக்கைகளைப் படித்துக் கட்ட இரைச்சல் என்று எழுதக் கூடாது. அந்த இறக்கைகளில் வீச்சு இரைச்சலும் கலந்திருக்கிறது. விம்மலின் வீச்சு, இரண்டு திறன்களின் பெருக்கற்பலனின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எனவே ஒன்றான செறிவு இரைச்சல் வீச்சில் தெரியும். எதிரெதிர்ச் செறிவு இரைச்சல் கட்டத்தில் தெரியும். பதிவிலிருந்து கட்டத்தைத் தனியாகப் பிரித்தெடுப்பதே இவ்விரண்டையும் கலக்காமல் காக்கும்.

பிரித்தெடுத்த கட்டத்தைச் சுற்றுகள் அவிழ்த்து, நேர்கோட்டுப் போக்கை நீக்கி, நிறமாலை கணக்கிட வேண்டும். கட்டுப்பாடின்றி இயங்கும் விம்மல் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். படிகத்தின் இரட்டை ஒளிவிலகல் ஒரு கெல்வினுக்கு 3×10⁻⁶ மாறுகிறது என்று எடுத்துக்கொண்டால், நமது குழியில் விம்மல் கெல்வினுக்கு 60 மெகாஹெர்ட்ஸ் நகரும். ஆயிரத்தில் ஒரு பங்கு கெல்வின் மாறினாலே 60 கிலோஹெர்ட்ஸ். இப்படி நகரும் கட்டத்தின் தொடக்கமும் முடிவும் பொருந்தாததால், சாளரமின்றிச் செய்யும் ஃபூரியே மாற்றத்தில் பதின்மத்துக்கு 20 டெசிபல் சரியும் பொய்க் கோடு ஒன்று தோன்றி, அதைவிடச் செங்குத்தாகச் சரியும் உண்மை இரைச்சலை மூடிவிடும். பதிவின் இரு முனைகளையும் மெல்லச் சுழிக்கு இறக்கும் ஹான் சாளரத்தைப் பயன்படுத்துவது ஒரு வழி. கட்டத்தின் வகைக்கெழுவான அதிர்வெண் இரைச்சலைக் கணக்கிட்டு, பிறகு அதிர்வெண்ணின் வர்க்கத்தால் வகுப்பது இன்னொரு வழி. எனக்கு இரண்டாவதன் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

ரேடியோ அதிர்வெண் மூலத்தின் கட்ட இரைச்சல் அளவீட்டுக்குக் கீழே இருக்கிறதா என்பதை, லேசர் இருக்குமிடத்தில் அதே வகை இரண்டாவது மூலத்தை வைத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

10. எதிர்பார்ப்புடன் ஒப்பிட்டு, வித்தியாசத்தின் காரணத்தைத் தேடுதல்

ஊர்திகளின் எண்ணிக்கை மாறும்போது பெருக்கம் மட்டுமன்றி ஒளிவிலகல் எண்ணும் மாறுகிறது. இரண்டு மாற்றங்களின் விகிதம்தான் ஆல்ஃபா கெழு. இதன் வழியாகச் செறிவின் எதிரெதிர் ஏற்றத்தாழ்வு, விம்மலின் கட்டமாக மாறுகிறது. இரண்டு மோடுகளின் சார்புச் செறிவு வேறுபாட்டை ஆல்ஃபாவில் பாதியால் பெருக்கினால் கட்ட விலகல் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, வேறுபாட்டின் இரைச்சல் ஒரு ஹெர்ட்ஸுக்கு −130 டெசிபல், ஆல்ஃபா 5 எனில், கட்ட இரைச்சல் 8 டெசிபல் உயர்ந்து −122 டெசிபல். கோட்டின் ஒரு பக்கத்தை மட்டும் எண்ணும் ஒரு பக்கப் பட்டை மரபில் −125. இதில் புதிதாக அளக்க வேண்டியது எதுவும் இல்லை: வேறுபாட்டின் நிறமாலை, படி 8-இல் எடுத்த பதிவிலேயே இருக்கிறது.

ஆகவே அந்தக் கணக்கீட்டை அளந்த வளைகோட்டின் மேல் வரைய வேண்டும். எதிரெதிர் வெட்டு அதிர்வெண் வரை அது தட்டையாகவும் அதற்கு மேல் சரிவாகவும் செல்லும். ஆல்ஃபா மட்டுமே பொருத்தத் தக்க எண். பொருத்தம் 15 அல்லது 20 என்று வந்தால் அதைக் குறைக்கடத்தியின் பண்பாக எழுதிவிடாமல், படி 6-இன் 6 டெசிபல் பிழையை முதலில் தேட வேண்டும். அந்த ஒரு பிழை ஆல்ஃபாவை இரட்டிப்பாக்கும்.

தாழ் அதிர்வெண்களில் அளந்த கோடு, கணக்கிட்ட தட்டையிலிருந்து பிரிந்து மேலே ஏறும். வெப்பமே அதன் வழக்கமான காரணம். பம்பின் ஏற்றத்தாழ்வு பெருக்க ஊடகத்தின் வெப்பநிலையை அசைக்கிறது, இரண்டு மோடுகளின் கீழும் அது ஒன்றுபோல் இல்லை. எளிய முதற்படி வெப்ப மாதிரியில், வெப்ப வெட்டு அதிர்வெண்ணுக்கு மேல் கட்ட இரைச்சல் பதின்மத்துக்கு 40 டெசிபல் சரியும். எனவே வெப்பப் பகுதியும் ஆல்ஃபாப் பகுதியும் சந்திக்கும் முழங்கை கோட்டில் தெளிவாகத் தெரியும். ஊகத்தில் நிறுத்தாமல், பம்பின் மின்னோட்டத்தில் சிறிய சைன் அலையைச் சேர்த்து, அதன் அதிர்வெண்ணை மெல்ல மாற்றிக்கொண்டே விம்மல் எவ்வளவு அசைகிறது என்று அளக்க வேண்டும். அந்தக் கடத்துச் சார்பும் பம்பின் இரைச்சலும் சேர்ந்து வெப்பப் பகுதியை முழுமையாக மீட்டுத் தர வேண்டும்.

இரண்டும் சேர்ந்தும் நிரப்பாத மேடுகள் சில நூறு ஹெர்ட்ஸ் முதல் சில கிலோஹெர்ட்ஸ் வரை எஞ்சினால், அவை இயந்திர அதிர்வுகள். "இரண்டு மோடுகளும் ஒரே குழியில் இருப்பதால் கண்ணாடியின் அதிர்வு நீங்கிவிடும், விம்மலில் அது 3 கிகாஹெர்ட்ஸுக்கும் 300 டெராஹெர்ட்ஸுக்கும் உள்ள விகிதத்தில், அதாவது 10⁻⁵ மட்டுமே தெரியும்" என்ற வாதம் இந்த இடத்தில் அடிக்கடி சொல்லப்படுகிறது. படிகம் உள்ள குழிக்கு அது பொருந்தாது. படிகத்தினுள் இரண்டு மோடுகளின் ஒளிப்பாதை 0.1 மில்லிமீட்டர் வேறுபட்டால், 15 மில்லிமீட்டர் குழியில் அது 0.7 சதவீதம். கண்ணாடி 1 நானோமீட்டர் நகர்ந்தால் ஒவ்வொரு மோடும் 20 மெகாஹெர்ட்ஸ் நகரும். விம்மல் நகர்வது 200 ஹெர்ட்ஸ் அல்ல, சுமார் 130 கிலோஹெர்ட்ஸ். எனவே எஞ்சிய மேடுகளுக்குக் கண்ணாடி ஏற்றியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: அதை விரலால் மெல்லத் தட்டும்போது எந்த மேடு உயர்கிறதோ, அந்த மேடு அதற்குரியது. அடுத்து படிகத்தின் தாங்கி, அதன்பின் பம்ப் இழை என்று அதே சோதனையைத் தொடரலாம்.